போட்டோவுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒரு பிரிண்டர்: டேங்கா, கார்ட்ரிட்ஜா, போட்டோ லேபிலேயே கொடுத்துவிடலாமா?

வெண்தாள்:

வணக்கம். வீட்டுக்குப் பிரிண்டர் வாங்க வேண்டும். மாதம் 60, 70 பக்கம் கறுப்பு வெள்ளை (பாடக் குறிப்பு, படிவங்கள்). கூடவே ஆல்பத்துக்கு 4x6 அங்குல (10x15 செ.மீ.) அளவில் மாதம் சுமார் 30 போட்டோ. சில மாதம் போட்டோ வேலையே இருக்காது. பெட்டியில் "7,500 பக்கம்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். போட்டோ எத்தனை வரும் என்று காணோம். ஒரு போட்டோவுக்கு அசலாக என்ன ஆகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது? லேசர், கார்ட்ரிட்ஜ், டேங்க் மூன்றில் எது சரிவரும்?

மைக்குப்பி:

லேசரை முதலில் கழித்துவிடுங்கள். பாடக் குறிப்புக்கு அருமையான பொருள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் டோனர் காயாது. ஆனால் போட்டோவுக்கு ஆகாது. டோனர் என்பது பொடி, ஃபியூசர் உருளையின் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது. முகத்தில் வெளிச்சம் மெல்ல நிழலாக மாறும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்னொன்று: இங்க்ஜெட்டுக்கான (திரவ மை தெளிக்கும் வகை; கார்ட்ரிட்ஜும், பாட்டில் மை ஊற்றும் டேங்கும் இதுதான்) கிளாஸி (பளபளப்பு) பேப்பரை லேசருக்குள் விடவே கூடாது. அதன் பூச்சு அந்தச் சூட்டில் இளகி உருளையில் ஒட்டிக்கொண்டால் ஃபியூசரையே மாற்ற வேண்டி வரும்.

அடுத்து அந்த 7,500. இங்க்ஜெட் பக்கக் கணக்குக்கு ஐஎஸ்ஓ 24711 என்ற முறையும், அதற்கான மாதிரிப் பக்கங்களாக 24712 தொகுப்பும் இருக்கின்றன. அவை எழுத்தும் சின்னச் சின்னப் படங்களும் உள்ள அலுவலகப் பக்கங்கள், தாளில் பெரும்பகுதி வெள்ளை. போட்டோவில் ஓரம் முதல் ஓரம் வரை மைதான். அதனால் பக்கக் கணக்கை வைத்துப் போட்டோவை ஊகிக்க முடியாது. போட்டோவுக்கென்று ஐஎஸ்ஓ 29102 என்று தனி முறையே உண்டு. மாடலின் விவரத்தாளில் "10x15 செ.மீ. போட்டோ இத்தனை" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

இல்லாவிட்டால் ஒரு அளவுகோல் தருகிறேன். எப்சன் எல்805, ஆறு வண்ண டேங்க் மாடல். 70 மில்லி பாட்டில் ஆறு, மொத்தம் 420 மில்லி. கம்பெனி சொல்லும் கணக்கு 4x6 போட்டோ சுமார் 1,800. வகுத்தால் ஒன்றுக்கு 0.23 மில்லி. ஹெட் கிளீனிங்கில் (மை தெளிக்கும் ஹெட்டின் அடைப்பை நீக்க மையை ஓட்டுவது) போகும் மையையும் சேர்த்து 0.3 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். மூன்று வண்ணமும் ஒன்றாக உள்ள சின்னக் கார்ட்ரிட்ஜில் மொத்தமே 8, 9 மில்லி மைதான் இருக்கும். 9ஐ 0.3ஆல் வகுத்தால் 30. அதாவது உங்களுக்கு மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ். அதுவும் மூன்று அறையும் ஒரே நேரத்தில் தீர்ந்தால். அந்தி வெளிச்சத்துப் படங்களாகவே அடித்தால் மஞ்சள் முன்னால் தீர்ந்துவிடும். மற்ற இரண்டிலும் மை இருக்கும்போதே முழுசையும் தூக்கிப்போட வேண்டியதுதான். கார்ட்ரிட்ஜ் விலையை 30ஆல் வகுத்துப் பாருங்கள், லேப் விலையைப் பல மடங்கு தாண்டி நிற்கும்.

டேங்கில் நிலைமை தலைகீழ். பாட்டில் விலையை மில்லியால் வகுத்து 0.3ஆல் பெருக்கினால் மைச் செலவு அற்பமாக வரும். அங்கே பேப்பர்தான் செலவு. ஆகவே கணக்கு இப்படி: மை + ஒரு தாள் போட்டோ பேப்பர் + வீணாகும் பிரிண்ட். கடைசியை விட்டுவிடாதீர்கள். நிறம் சரியில்லை, கோடு விழுந்தது, தாள் திரும்பிவிட்டது என்று பத்துக்கு ஒன்று போகும் என்றே வையுங்கள். மை, பேப்பர் இரண்டையும் 1.1ஆல் பெருக்கிவிடுங்கள்.

லேபுடன் ஒப்பிட: பாடக் குறிப்புக்கு எப்படியும் ஒரு பிரிண்டர் வாங்கத்தான் போகிறீர்கள். அதனால் முழு விலையைப் போட்டோ தலையில் கட்ட வேண்டாம். சாதாரண பிரிண்டருக்கும் போட்டோ நன்றாக வரும் மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். அதை (லேப் விலை கழித்தல் வீட்டுச் செலவு) ஆல் வகுங்கள். வருவது எத்தனை போட்டோவுக்குப் பிறகு போட்ட பணம் திரும்பும் என்ற எண்ணிக்கை. மாதம் 30 என்றால் ஆண்டுக்கு 360. விடை 1,000ஐத் தாண்டினால் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அப்படியானால் போட்டோவை லேபிலேயே கொடுங்கள்.

நாசில்செக்:

மைக்குப்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் "சில மாதம் போட்டோ வேலையே இருக்காது" என்ற வரிதான் என்னை உறுத்துகிறது. இங்க்ஜெட் சும்மா கிடந்தால் நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) நுனியில் மை காயும். கறுப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் வண்ண நாசில்கள் காய்ந்துபோகும், பிரிண்டர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். வாரம் ஒருமுறை நாசில் செக் பக்கம் ஒன்று அடியுங்கள். அதற்கு ஆகும் மை மிகச் சொற்பம். கட்டம் கட்டமான கோடுகளில் எங்கும் அறுபடாமல் இருந்தால் போதும்.

அறுந்திருந்தால் ஹெட் கிளீனிங். ஒருமுறை செய்துவிட்டு மறுபடி நாசில் செக். மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு 12 மணி நேரம் விடுங்கள். காய்ந்த மை ஊறி இளகும், அடுத்த முறை பெரும்பாலும் வந்துவிடும். விடாமல் பத்துத் தடவை கிளீனிங் கொடுப்பவர்கள் மையை மட்டும் வீணாக்கவில்லை. அந்த மை எல்லாம் உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில்தான் போய்ச் சேருகிறது. அதன் கணக்கு நிரம்பினால் பிரிண்டர் ஓடாது. வாங்கும்போது இதையும் பாருங்கள்: கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றும் மாடலா, சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய மாடலா?

சுவிட்ச் போர்டில் அணைக்காதீர்கள். பிரிண்டரின் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடி மேல் உட்காரும். நடுவழியில் கரண்ட்டைப் பிடுங்கினால் ஹெட் திறந்தபடியே நின்று சீக்கிரம் காய்ந்துவிடும். "நல்ல பிரிண்டர், ஆனால் அடிக்கடி அடைக்கிறது" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டோ எப்போதாவதுதான் என்றால் டை சப்ளிமேஷன் (ரிப்பனில் உள்ள சாயத்தைச் சூட்டால் தாளில் ஏற்றுவது) பிரிண்டரையும் யோசிக்கலாம். கேனான் செல்ஃபி சிபி1500 அந்த வகை. திரவ மையே கிடையாது. ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு. தாள் நான்கு முறை உள்ளே போய்ப் போய் வரும். ஆறு மாதம் தொடாவிட்டாலும் காயாது. ரிப்பனும் தாளும் ஒரே பெட்டியில், 108 தாள் என்றால் 108 போட்டோ, கூடவும் வராது குறையவும் செய்யாது. பெட்டி விலையை 108ஆல் வகுத்தால் கணக்கு முடிந்தது. படம் வெளிறியதோ இருண்டதோ, ரிப்பன் ஒரே அளவுதான் ஆகும். பாடக் குறிப்பு இதில் அடிக்க முடியாது. தீர்ந்த ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள்: வெளிச்சத்தில் பிடித்தால் அடித்த படமெல்லாம் நெகட்டிவாகத் தெரியும். வெட்டிப் போடுங்கள்.

வெண்தாள்:

இருவருக்கும் நன்றி. கார்ட்ரிட்ஜைக் கழித்தாயிற்று. டேங்கில் நாலு வண்ணம், ஆறு வண்ணம் என்று இருக்கிறதே, அந்த வித்தியாசம் ஆல்பத்தில் கண்ணுக்குத் தெரியுமா? அப்புறம், ஏ4 கிளாஸி வாங்கி வெட்டிக்கொண்டால் பேப்பர் செலவு குறையுமா?

மைக்குப்பி:

தெரியும், குறிப்பாக இரண்டு இடத்தில். ஒன்று, வெளிர்ந்த பகுதி: கன்னம், வானம். ஆறு வண்ணத்தில் வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்று கூடுதலாக இரண்டு இருப்பதால் புள்ளிகள் கண்ணுக்குப் படாது. (எப்சன் எல்8050 இப்படித்தான். கேனான் ஜி600 வரிசையில் வெளிர் மைக்குப் பதிலாகச் சிவப்பும் சாம்பலும்.) இன்னொன்று கறுப்பு. நாலு வண்ண டேங்க் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை (நுண்துகள் கலந்த மை). எழுத்துக்கு அருமை, தண்ணீர் பட்டாலும் கலங்காது. ஆனால் கிளாஸி பூச்சுக்குள் இறங்காது. அதனால் போட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்தால் டிரைவர் (கணினியில் உள்ள பிரிண்டர் மென்பொருள்) அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் கலந்தே கறுப்பை உண்டாக்கும். தலைமுடி, கறுப்புக் கோட்டு எல்லாம் அடர்ந்த பழுப்பாகவோ சாம்பலாகவோ நிற்கும். இதைத் தெரியாமல் கிளாஸி தாளைப் போட்டுவிட்டு டிரைவரில் "பிளெய்ன் பேப்பர்" என்றே விட்டால், பிக்மென்ட் கறுப்பு மேலேயே நின்று விரல் பட்டதும் இழுகும். பேப்பர் மட்டம், மை மட்டம் என்று திட்டுவதற்கு முன் அந்த ஒரு அமைப்பைப் பார்த்துவிடுங்கள்.

மாதம் 30, அதுவும் விட்டுவிட்டு என்றால் என் பரிந்துரை நாலு வண்ண டேங்க். வாரத்துக்கு நாலைந்து போட்டோ அதில் அடியுங்கள், நாசிலும் காயாது. விசேஷத்துக்கு நூறு, இருநூறு என்று சேர்ந்தால் லேப்.

தாள்வெட்டி:

ஏ4 கேள்விக்கு. ஏ4 என்பது 210x297 மி.மீ., 4x6 என்பது ஏறத்தாழ 102x152. இரண்டை நெடுக்காகப் பக்கத்தில் பக்கம் வைத்தால் அகலம் 203, இருபுறமும் 3 மி.மீ. சொச்சம் மிஞ்சும். பெரும்பாலான இங்க்ஜெட்டின் ஓர இடைவெளியும் 3 மி.மீ. தான், மயிரிழையில் பொருந்தும். அதன் கீழே ஒன்றைக் கிடையாக வையுங்கள். ஆக மூன்று போட்டோ. தாளில் கால்பங்கு மிஞ்சும். கிடைப்படத்தின் பக்கத்தில் 35x45 பாஸ்போர்ட் படம் படுக்கையாக இரண்டு, அடியில் வரிசையாக நாலு. கீழ் ஓரத்துக்கு 5 மி.மீ. கேட்கும் மாடல் என்றால் அடி வரிசையை விட்டுவிடுங்கள்.

மலிவா என்று பார்க்க ஏ4 தாள் விலையை மூன்றால் வகுத்து 4x6 தாள் விலையோடு ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட் படம் தேவைப்படாத வீட்டில் பெரும்பாலும் லாபம் ஒன்றும் இராது, வெட்டும் வேலைதான் மிச்சம். கத்தரி வேண்டாம்; இரும்பு ஸ்கேலும் கட்டர் கத்தியும் வைத்து, படம் மேலே தெரியும்படி வெட்டுங்கள். அடித்த உடனே ஆல்பம் உறைக்குள் செருகாமல் ஒரு நாள் விட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

போன் படம் 4:3, தாள் 3:2. பார்டர்லெஸ்ஸில் (வெள்ளை ஓரமே விடாமல்) அடித்தால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், தலையோ காலோ போகும். தவிர, ஓரம் தாண்டித் தெளிக்கும் மையெல்லாம் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. வெள்ளை ஓரம் விட்டு அடிப்பதே உத்தமம்.