1948ல் இந்தியா–பிரான்ஸ் மோதிய இல்ஃபோர்ட்: அந்த ஊர் கிளப்பின் வாரிசு யார்?

முத்தியால்பேட்டை_வாசகசாலை:

எங்கள் வாசகசாலைக் கண்காட்சியில் கால்பந்து வரலாற்றுக்கு எட்டுப் பலகை ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 2 அடி. அதில் ஒன்று 1948 ஜூலை 31, ஒலிம்பிக்கில் இந்தியா 1, பிரான்ஸ் 2. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கால்பந்து ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் கோல் போட்டுச் சமன் செய்தார், இரண்டு பெனால்டி வீணானது, கடைசி நேரத்தில் பிரான்ஸ் ஜெயித்தது. அன்றைக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் இந்த ஆட்டத்தை விட்டுவிட மனசில்லை.

ஆட்டம் நடந்தது லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டில். பலகையின் கீழ்ப்பாதியில் அந்த ஊரின் சின்னக் கிளப்பைப் பற்றி 120 வார்த்தை எழுத வேண்டும். அங்கேதான் சிக்கல். ஓரிடத்தில் தொடங்கிய ஆண்டு 1881, இன்னோரிடத்தில் 1987. வேறொருவர் "அந்தக் கிளப்தான் இன்றைய டாகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ்" என்கிறார். ரெட்பிரிட்ஜ் என்றே தனியாக ஒரு கிளப்பும் வருகிறது. எது சரி? "நான்-லீக்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மஞ்சக்குப்பம்_லைன்ஸ்மேன்:

முதலில் அந்தச் சொல். "லீக் இல்லாத கிளப்" என்று எழுதிவிடாதீர்கள், பலரும் செய்யும் தப்பு. அவர்களுக்கும் லீக் உண்டு. ஃபுட்பால் லீக் என்ற அமைப்புக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதுதான் பொருள். இன்றைய கணக்கில் மேலே உள்ள நான்கு டிவிஷனுக்குக் கீழே, ஐந்தாம் படியிலிருந்து தொடங்குவது. "ஃபுட்பால் லீகுக்கு வெளியே ஆடும் கிளப்" என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு நான்-லீக் என்றே போடலாம்.

இனி கிளப். நீங்கள் பார்த்த இரண்டு ஆண்டும் சரிதான், ஆனால் அவை இரண்டு தனிக் கிளப்புகளின் ஆண்டுகள்.

பழைய இல்ஃபோர்ட் 1881ல் தொடங்கியது. 1894ல் சதர்ன் லீக் ஆரம்பித்தபோதே உள்ளே இருந்தது. 1905ல் இஸ்த்மியன் லீகைத் தொடங்கிய ஆறு கிளப்பில் ஒன்று. மற்ற ஐந்து: கேஷுவல்ஸ், சிவில் சர்வீஸ், கிளாப்டன், ஈலிங், லண்டன் கலிடோனியன்ஸ். அமெச்சூர்களுக்கான, அதாவது சம்பளம் வாங்காதவர்களுக்கான லீக் அது, "கௌரவமே போதும்" என்பது அதன் லத்தீன் வாசகம். இல்ஃபோர்ட் அதை 1907, 1921, 1922ல் ஜெயித்தது. பெரிய சாதனை அமெச்சூர் கோப்பையில்: 1929ல் லெய்டனை 3–1, அடுத்த ஆண்டே போர்ன்மத் கேஸ்வொர்க்ஸ் அத்லெடிக்கை 5–1. அதற்குப் பிறகு மூன்று இறுதியாட்டம், மூன்றிலும் தோல்வி. 1936ல் கேஷுவல்ஸிடம் மறு ஆட்டத்தில் 2–0, 1958ல் வெம்ப்ளியில் வோக்கிங்கிடம் 3–0, 1974ல் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டிடம் 4–1. அந்த 1974 ஆட்டம்தான் அமெச்சூர் கோப்பையின் கடைசி இறுதியாட்டம். அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவையே அந்த ஆண்டு இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் எடுத்துவிட்டது. அமெச்சூர் ஆட்டக்காரரின் காலணிக்குள் காசு வைத்துக் கொடுக்கும் வழக்கம் அதற்குள் ஊரறிந்த ரகசியமாகியிருந்தது.

பிறகுதான் சரிவு. 1904 முதல் ஆடிவந்த லின் ரோடு மைதானம் 1977ல் விற்கப்பட்டது. இந்த மட்டத்தில் ஒரு கிளப்புக்குச் சொந்த மைதானம் போனால் டிக்கெட் வசூல், கேன்டீன், பார் வருமானம் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். வாடகைச் செலவு மட்டும் புதிதாகச் சேரும். இரண்டே வருடத்தில், 1979ல், பக்கத்துக் கிளப்பான லெய்டன்ஸ்டோனோடு இணைந்தது. அங்கிருந்து சங்கிலி இப்படிப் போகிறது:

1979: லெய்டன்ஸ்டோன்/இல்ஃபோர்ட், லெய்டன்ஸ்டோனின் கிரான்லி ரோடு மைதானத்தில்.
1988: வால்தம்ஸ்டோ அவென்யூவும் இதில் சேர்ந்தது.
1989: பெயர் ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட் ஆனது.
1991: இஸ்த்மியன் சாம்பியனாகி ஐந்தாம் படியான கான்ஃபரன்ஸுக்கு ஏறியது. அந்தப் படிக்கு ஏற்ற மைதானம் கையில் இல்லாததால் டாகனம் கிளப்பின் விக்டோரியா ரோட்டுக்குக் குடிபோனது.
1992: டாகனமோடு இணைந்து டாகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ்.

அந்தக் கிளப் 2007ல் ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்து 2016ல் வெளியே வந்தது. ஆக, சட்டப்படியான வாரிசு அதுதான்.

1987ல் பிறந்தது வேறு. பழைய பெயர் சும்மா கிடக்கிறதே என்று ஊர்க்காரர்கள் மறுபடி தொடங்கிய இல்ஃபோர்ட் கிளப் அது. கிரிக்கிள்ஃபீல்ட் ஸ்டேடியத்தில் ஆடுகிறது. ஊரும் பெயரும் அதே, நிர்வாகத் தொடர்ச்சி மட்டும் இல்லை. 1929, 1930 கோப்பைகளை இதன் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே நேரம் "போலி" என்ற தொனியும் வேண்டாம். ஊர் தன் கிளப்பை விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் வரலாறுதான்.

லாஸ்பேட்டை_புள்ளிவிவரம்:

லைன்ஸ்மேன் அண்ணன் சொன்னதோட இன்னொரு குழியையும் மூடிடலாம். தனியா வர்ற ரெட்பிரிட்ஜ் கிளப்புக்கும் ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஃபோர்ட் கார் கம்பெனி ஊழியர் கிளப் வழியில வந்த ஃபோர்ட் யுனைடெட், 2004ல பேர மாத்திக்கிச்சு. ரெட்பிரிட்ஜ்ங்கிறது 1965ல உருவான லண்டன் நிர்வாகப் பகுதி, இல்ஃபோர்ட் அதுக்குள்ள அடங்குது. அதனாலதான் ஆளாளுக்கு அந்தப் பேர வச்சுக்கிறாங்க. அதே காரணத்தால 1965க்கு முந்தின எதுக்கும் "லண்டன் கிளப்"னு போடாதீங்க, அப்ப அது எசெக்ஸ்.

சரிபார்க்கிற வழி:

சீசன் வாரியான இடம், புள்ளி எல்லாத்துக்கும் ஃபுட்பால் கிளப் ஹிஸ்டரி டேட்டாபேஸ். இலவசம். பழைய இல்ஃபோர்டும் புதுசும் அதுல தனித்தனி பதிவா இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. சீசன் குறியீட்டுல கவனம்: 1928-29 சீசனோட இறுதியாட்டம் 1929 வசந்தத்துல. பலகையில ஒண்ணு சீசனா போடுங்க, இல்ல ஆண்டா போடுங்க. கலந்து போட்டா ரெண்டு கோப்பை மூணு கோப்பையாத் தெரியும்.

அப்புறம் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ். தேடறது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் காசு. வெறும் "இல்ஃபோர்ட்"னு தேடினா ஃபோட்டோ ஃபிலிம் விளம்பரமா வந்து குவியும், அந்தக் கம்பெனியும் அதே ஊர்ப் பேர்தான். கூடவே "இஸ்த்மியன்" இல்ல எதிரணிப் பேரைச் சேத்துத் தேடுங்க. பழைய அச்சை மெஷின் வாசிக்கறப்ப ஆங்கிலப் பேரோட முதல் எழுத்து பெரிய 'ஐ'யும் அடுத்த சின்ன 'எல்'லும் ஒரே குச்சியாத் தெரியறதால குழம்பிடும். ரெண்டு 'எல்' போட்டு இன்னொரு தடவை தேடுங்க, விட்டுப்போன செய்தி வரும்.

ஒலிம்பிக் ஆட்டத்துக்கு 1948 அதிகாரபூர்வ அறிக்கை எல்.ஏ.84 டிஜிட்டல் நூலகத்துல பிடிஎஃபா கிடைக்குது. நம்ம ஊருக்கு இன்னொரு வசதி இருக்கு. உங்க வாசகசாலைக்கு வர்ற பெரியவங்கள்ல பிரெஞ்சு படிக்கத் தெரிஞ்சவங்க கண்டிப்பா இருப்பாங்க, பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிக்கா தளத்துல அந்தக் கால நாளிதழ்கள் பல இலவசமா இருக்கு. இந்தியாவை அவங்க 'ஆந்த்'னு எழுதுவாங்க, ஆங்கில எழுத்துக்கூட்டுல தேடினா வராது. ஜூலை 31 சனிக்கிழமை. ஞாயிறு வர்ற தாள்ல ஆகஸ்ட் 1, மத்ததுல ஆகஸ்ட் 2 திங்கள்கிழமை பாருங்க.

மைதானப் பேர் போடறதுக்கு முன்னாடி நில்லுங்க. பல பதிவுல கிரிக்கிள்ஃபீல்ட்னு இருக்கு. இல்ஃபோர்ட் கிளப் அப்ப ஆடிக்கிட்டிருந்த மைதானம் லின் ரோடு. அன்னிக்கு வந்த செய்தியை ஒருத்தராவது கண்ணால பாத்த பிறகு போடுங்க. அதுவரைக்கும் "இல்ஃபோர்டில்" போதும்.

முத்தியால்பேட்டை_வாசகசாலை:

இருவருக்கும் நன்றி. வரைவு இது. திருத்திக் கொடுங்கள்:

"1881ல் லண்டனில் தொடங்கிய இல்ஃபோர்ட், ஏழாம் படியான இஸ்த்மியன் லீகில் 1905 முதல் ஆடிய நான்-லீக் கிளப். 1929, 1930ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1977ல் மைதானத்தை விற்று, 1979ல் கலைந்தது. 2007ல் ஃபுட்பால் லீகில் நுழைந்தது."

மஞ்சக்குப்பம்_லைன்ஸ்மேன்:

ஐந்து இடத்தில் கை வைக்க வேண்டும்.

"லண்டனில்" என்பதை எசெக்ஸ் ஆக்குங்கள், காரணம் மேலே இருக்கிறது.

"ஏழாம் படி" இன்றைய கணக்கு. அன்று படிக்கட்டே கிடையாது. ஒரு லீகிலிருந்து இன்னொன்றுக்கு ஏறுவது இறங்குவது இல்லாமல் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. நாடு முழுக்கக் கிளப்புகளைச் சேர்த்த அலையன்ஸ் பிரீமியர் லீக் வந்ததே 1979ல். அதன் சாம்பியன் தானாக ஃபுட்பால் லீகுக்கு ஏறும் முறை 1986-87 சீசனில்தான் தொடங்கியது, ஸ்கார்பரோ முதலில் ஏறியது. அதற்கு முன் ஓட்டெடுப்பு. 1980ல் ஆல்ட்ரிங்கம் ஒரே ஓட்டில் வாய்ப்பை இழந்தது. அதனால் 1930ல் இல்ஃபோர்டுக்குப் படி எண் போட்டால் சின்னக் கிளப் என்று வாசகர் நினைத்துவிடுவார். அமெச்சூர் உலகத்தில் அது உச்சியில் இருந்த அணி.

"எஃப்.ஏ. கோப்பை" என்பதுதான் பெரிய தப்பு. அது ஆர்சனல் போன்றவர்கள் ஆடும் கோப்பை. இவர்கள் வென்றது எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை. "அமெச்சூர்" என்ற அந்த ஒரு சொல் விடுபட்டால் பலகை முழுக்கப் பொய்யாகிவிடும்.

"கலைந்தது" வேண்டாம், "இணைந்தது". கலைந்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

கடைசி வரியில் எழுவாய் மாறுகிறது. 2007ல் நுழைந்தது டாகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ், அந்தப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். இடம் இருந்தால் ஒரு வரி சேருங்கள்: அந்தக் கிளப்பின் முன்னோர்களில் மூன்று பேர் சேர்ந்து அமெச்சூர் கோப்பையை ஏழு முறை வென்றவர்கள். இல்ஃபோர்ட் இரண்டு, லெய்டன்ஸ்டோன் மூன்று (1947, 1948, 1968), வால்தம்ஸ்டோ அவென்யூ இரண்டு (1952, 1961). வால்தம்ஸ்டோ அவென்யூவின் கிரீன் பாண்ட் ரோடு மைதானத்திலும் 1948 ஒலிம்பிக் ஆட்டம் நடந்தது, துருக்கி 4, சீனா 0.

லாஸ்பேட்டை_புள்ளிவிவரம்:

அச்சுக்கு ஒண்ணு. ஃபிளெக்ஸ் கடையில பாதிப் பேர் இன்னும் பழைய ஃபான்ட்டுலதான் வேலை செய்யறாங்க. யூனிகோடுல அனுப்பின மேட்டரை மாத்தறப்ப ஆய்த எழுத்து காணாமப் போயி "இல்போர்ட்"னு வரும், "இஸ்த்மியன்" உடைஞ்சு "இஸதமியன்" ஆகும். வேர்டு ஃபைலா கொடுக்காம ஃபான்ட் உள்ளடக்கின பிடிஎஃபா கொடுங்க. ஏ4ல ஒரு மாதிரி எடுத்து "ஃ" எல்லா இடத்துலயும் இருக்கா, "1928-29"ல நடுக்கோடு விழாம இருக்கான்னு விரல் வச்சுப் பாத்துட்டு அப்புறம் 3க்கு 2 அடிக்க விடுங்க.