இசையைக் கேட்டுக் கதை எழுதுதல்: மூன்றாம் வகுப்பில் எப்படித் தொடங்குவது?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினத்துக்கு அருகில் உள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால், வலைக்கயிறு உள்ளங்கையில் உரசிய எரிச்சல் வரை விவரித்துச் சொல்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால், "கடல் பெரியது. கடல் நீலமாக இருக்கும். எனக்குக் கடல் பிடிக்கும்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இசையை ஒலிக்கவிட்டு, அது மனத்தில் எழுப்பும் காட்சியைக் கதையாக எழுதச் சொல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். எவ்வகை இசை பொருந்தும், எவ்வளவு நேரம் கேட்கச் செய்யலாம், கேட்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும். என்னிடம் இருப்பவை கைப்பேசியும் ஒரு சிறிய ஒலிபெருக்கியும் மட்டுமே.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதுச்சேரி

அம்மா, நீங்கள் கடைசியாகக் கேட்டதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கேட்டவுடன் எழுதச் சொன்னால் பழைய மூன்று வரிகளே திரும்ப வரும். இடையில் பேச்சு நிகழ வேண்டும்.

இரண்டு அல்லது மூன்று நிமிட இசை போதும். அதில் பாடல் வரிகள் இருக்கக் கூடாது; இருந்தால் பிள்ளைகள் அவ்வரிகளையே எழுதுவார்கள். தெரிந்த திரைப்பட மெட்டும் வேண்டாம், ஏனெனில் அந்தப் படத்தின் காட்சி முன்னால் வந்து நின்றுகொண்டு, அவர்களுடைய சொந்தக் காட்சிக்கு இடம் தராது. முதல் முறை கண்களை மூடிக்கொண்டு கேட்கட்டும். அப்போது எதுவும் கேட்காதீர்கள். இரண்டாம் முறை கேட்ட பிறகு, "இது எந்த இடம்? காலடியில் மணல் சுடுகிறதா, ஈரமாக இருக்கிறதா? என்ன வாசனை வருகிறது? யாரோ வருகிறாரே, அவர் நடை எப்படி இருக்கிறது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "கடலை வருணித்து எழுதுக" என்றால் "அழகானது" என்ற ஒரே சொல்தான் வரும். தரை சுடுகிறதா என்று கேட்டால் உடம்பு விடை சொல்லும்.

அவர்கள் சொல்வதைப் பேச்சுவழக்கிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். சலசல, சரசர, கிடுகிடு, மடமட என்ற இரட்டைக்கிளவிகள் தாமாகவே வந்து விழும். இலக்கணப் பாடத்தில் அவற்றை வரையறையாக மனப்பாடம் செய்வதற்கு முன்பே, பிள்ளைகள் அவற்றை வீட்டில் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. அதன் பிறகு இசையை நிறுத்திவிட்டு எழுதச் சொல்லுங்கள். ர, ற வேறுபாட்டையும் ல, ள, ழ மயக்கத்தையும் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். முதல் நாளில் சிவப்பு மை வேண்டாம்.

மறுமொழி: இசையாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ஐயா கூறியதோடு இசைத் தேர்வு பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராகச் செல்லும் இசையிலிருந்து காட்சி கிடைக்கும், ஆனால் நிகழ்ச்சி கிடைக்காது. கதைக்கு ஒரு மாற்றம் வேண்டும். ஆகவே வேகம் மாறும் இசையைத் தேடுங்கள். சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரி இதற்கு மிகவும் ஏற்றது. கம்பீர நாட்டை இராகத்தில் அமைந்த அதற்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. காலத்தை, அதாவது வேகத்தை, மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தவிலும் உடன் வரும். மெதுவாக ஒலிக்கும் பகுதிக்கு நீண்ட வாக்கியம், விரைவான பகுதிக்குச் சின்னஞ்சிறு வாக்கியம் என்று எழுதிப் பார்க்கச் சொல்லலாம்.

கதைமாந்தரை உருவாக்க வேறொரு வழி உண்டு. உருசிய இசையமைப்பாளர் புரோகோபியெவ் 1936இல் குழந்தைகளுக்காக அமைத்த 'பீட்டரும் ஓநாயும்' என்ற படைப்பில், பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று கொம்பு வாத்தியங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் ஒலி உண்டு. நம் வகுப்பில் பறை, உடுக்கை, குழல், வீணை ஆகியவற்றின் ஒலித்துணுக்குகளைக் கேட்கவைத்து, எது யார் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: இசையின் பெயரையோ பொருளையோ முன்கூட்டியே கூறாதீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடி மழையை வரவழைத்தார் என்ற செவிவழிக் கதையைச் சொல்லிவிட்டு அந்த இராகத்தை ஒலிக்கவிட்டால், வகுப்பு முழுவதும் மழையைத்தான் எழுதும். கதையை எழுதி முடித்த பிறகு சொன்னால், அதையும் ஆவலோடு கேட்பார்கள்.

மறுமொழி: ஒரு தாய், பண்ருட்டி

தவிலின் வேகம் கூடும் பகுதியைக் கேட்டால் புயல் நினைவுக்கு வரக்கூடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' என்ற புயல் கரையைக் கடந்தபோது இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. ஆனால் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை இங்குள்ள பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். புயலை எழுத விரும்பும் பிள்ளை, வீட்டுப் பெரியவரிடம் அன்றைய ஓசையை மட்டும் கேட்டு வரலாம். வெள்ளத்தையோ கடலையோ கண்டு உண்மையிலேயே அஞ்சிய குழந்தை இருந்தால், வேறு இசையைக் கேட்கும் உரிமையை அதற்குத் தாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மல்லாரியிலிருந்தே தொடங்குகிறேன். என் வகுப்பில் செவித்திறன் குறைந்த குழந்தை ஒன்று இருக்கிறது. அக்குழந்தையையும் இதில் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

மறுமொழி: இசையாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்தபடி ஒலிபெருக்கியின் அருகில் அக்குழந்தையை அமரச் செய்யுங்கள். தாளத்தின் அதிர்வு விரல்களுக்கு எட்டும். மிருதங்கமோ பறையோ கிடைத்தால், ஒருவர் வாசிக்கும்போது கருவியின் உடற்பகுதியில் கையை வைக்கச் சொல்லலாம். அது இன்னும் நன்று. அதிர்வு எங்கே தொடங்கியது, எங்கே நின்றது, கூசியதா, இடித்ததா என்று கேளுங்கள். அக்குழந்தை சொல்லிலோ சைகையிலோ தரும் விடைகளைக் கரும்பலகையில் முதலில் எழுதுங்கள். தொடுதலைப் பற்றிய சொற்கள் மற்ற பிள்ளைகளின் கதைகளுக்கும் தேவைப்படும்.