புதுப்பிப்பு: ஆஸ்திரேலியாவில் துணையுடன் தங்க விசா, விண்ணப்பித்துவிட்டோம்

என் துணை ஆஸ்திரேலியக் குடிமகன். என் மாணவர் விசா முடியப்போகிறது. சேர்ந்து வாழ ஆரம்பித்து ஓராண்டு ஆகவில்லை. என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

820 பார்ட்னர் விசாவுக்கு இங்கிருந்தே விண்ணப்பித்துவிட்டோம். மணமாகாத ஜோடிகளுக்கு 12 மாத உறவு தேவை என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. மாநிலச் சட்டப்படி உறவைப் பதிவு செய்தால் அந்த நிபந்தனை பொருந்தாது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு, நாங்களும் பதிவு செய்தோம். ஆனால் பதிவு மட்டும் போதாது. பணம், வீட்டு நிர்வாகம், சுற்றத்தார் பார்வை, எதிர்கால உறுதி என நான்கு கோணத்திலும் சான்று கேட்கிறார்கள். கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், நண்பர்களின் வாக்குமூலம் எல்லாம் கொடுத்தோம். வாக்குமூலங்களைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

நிச்சயித்தவர்களுக்கான 300 விசாவைச் சிலர் சொன்னீர்கள். அதற்கு நாட்டுக்கு வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டோம்.

இப்போது பிரிட்ஜிங் விசா ஏ, அதாவது முடிவு வரும்வரை இங்கேயே தங்குவதற்கான இடைக்கால விசா, கிடைத்திருக்கிறது. மாணவர் விசா முடிந்ததும் அது நடைமுறைக்கு வரும். அப்புறம் வெளிநாடு போய்த் திரும்ப வேண்டுமென்றால், கிளம்பும் முன்பே பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும்.

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் தங்கள் விசாவில் 8503 நிபந்தனை (‘மேலும் தங்க அனுமதியில்லை’ என்பது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விலக்கு பெறாமல் உள்ளிருந்து விண்ணப்பிக்க முடியாது.