சொரிமுத்தையன் கோயில் குடிலுக்கு சோலார்: ‘பேச்சிமுத்து வகையறா’ வாட்ஸ்அப் குழுவில்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போவது உறுதி. இந்தத் தடவை பேச்சியும் வருகிறாள். அங்கே நாம் தங்கப் போடும் குடிலில் கரண்ட் கிடையாது. அவள் மருந்தை ஆவியாக இழுக்கும் நெபுலைசர் மெஷினுக்கு என்ன வழி? சுடலை ஏதோ சோலார் என்கிறான்.

சுடலை சித்தப்பா: மடக்கு பேனல் அண்ணே. 200 வாட். ஆஃபர் இன்று ராத்திரி வரைதான்.

செல்வி அக்கா: கோயில் வரி யார் யார் தரவில்லை என்று முதலில் போடுங்கள் அப்பா.

பெரியப்பா: அது பிறகு.

செல்வி அக்கா: போன வருஷமும் பிறகுதான்.

கணேசன் அத்தான்: மாமா, இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

செல்வி அக்கா: போச்சு.

கணேசன் அத்தான்: பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கு ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், பேனலில் இருக்கும் சோலார் செல்லின் சூடு 25 டிகிரி. நம் வெயிலில் விரித்தால் பேனல் 60 டிகிரிக்குப் போய்விடும். 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் குறையும். என்னிடம் இருக்கும் 100 வாட் பேனலை மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தேன். உச்சி வெயிலில் மீட்டர் 70ஐ ஒட்டி நின்றது. மேகம் மூடியதும் 12. என் கை நிழல் ஒரு மூலையில் விழுந்ததற்கே 30க்கு வந்துவிட்டது. செல்கள் வரிசையாகக் கோத்தவை, ஒன்று இருண்டால் மொத்த வரிசையும் படுத்துவிடும். நம் குடிலோ ஆற்றங்கரை மரத்தடி. ஆடிச் சாரல் வேறு.

ராஜி மதினி: கோயிலில் பட்டவராயர் சாமிக்குச் செருப்பு நேர்ந்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் தோல் செருப்பு தைக்கிறவர் இருக்கிறாரா?

சுடலை சித்தப்பா: குடிலை வெட்டவெளியில் போட்டால் போச்சு. இதுக்கு ஒரு கட்டுரையா மாப்பிள்ளை?

நான்: வெட்டவெளியில் விரித்தால் குரங்கு விடாது சித்தப்பா. போன தடவை அக்காவின் சீப்பையே கொண்டுபோனது.

செல்வி அக்கா: 😡

கணேசன் அத்தான்: சின்ன மாமா, அந்த 200 வாட் பேனலின் நீள அகலம் என்ன போட்டிருக்கிறது?

சுடலை சித்தப்பா: விரித்தால் 80 செ.மீ. x 50 செ.மீ.

கணேசன் அத்தான்: அரை சதுர மீட்டர்கூட இல்லை. நல்ல செல்லே சதுர மீட்டருக்கு 200, 220 வாட்தான் தரும். அது 80 வாட் பேனல். 200 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான்.

ராஜி மதினி: 😂

சுடலை சித்தப்பா: உங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஜெனரேட்டர் பார்த்துக் கொடுத்தது யார் மாப்பிள்ளை?

செல்வி அக்கா: ஹோமத்தின் நடுவில் நின்றதே, அந்த ஜெனரேட்டர்தானே சித்தப்பா?

பெரியப்பா: பழையதை விடுங்கள். பேச்சிக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கள்.

கணேசன் அத்தான்: பேனலே தேவையில்லை மாமா, பேட்டரிதான் தேவை. பேச்சி சித்தியிடம் இருப்பது கம்ப்ரெசர் மெஷின், 130 வாட் வரை இழுக்கும். 10 நிமிஷம் ஓடினால் 22 வாட் ஹவர் கரண்ட் செலவாகும். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்துத் தினம் இரண்டு வேளைக்கு 50 போதும். 300 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் (பிளக் செருகும் பேட்டரிப் பெட்டி) ஒன்றை வீட்டிலேயே முழுக்க ஏற்றிக்கொண்டு போனால், வெயிலே வராவிட்டாலும் நாலு நாளுக்குப் பயமில்லை. அதைவிடச் சுலபம், கைக்கடக்கமான மெஷ் நெபுலைசர். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுவதே இருக்கிறது. ஆனால் எல்லா மருந்தும் அதற்கு ஒத்துவராது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சி அத்தை: 🎤 குரல் செய்தி (1:12)

பெரியப்பா: வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள்?

நான்: புது மெஷின் வேண்டாமாம். பழையதுதான் கைக்குப் பழக்கமாம். மீதி முழுக்க ராஜி மதினியின் அம்மாவுடைய சர்க்கரை பற்றி.

ராஜி மதினி: அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை அத்தை. வெந்தயத் தண்ணீரை நிறுத்தியாச்சு.

சுடலை சித்தப்பா: அப்போது போனுக்கு?

கணேசன் அத்தான்: ஆளுக்கொரு 20,000 எம்ஏஎச் பவர்பேங்க். நாலு தடவை ஏறும் என்பார்கள், மூன்று தடவை வந்தாலே பெரிது. பேனலில் நேராகப் போனைச் செருகாதீர்கள். மேகம் போக வர, சார்ஜ் விட்டு விட்டு ஏறும். பவர்பேங்க்கைச் செருகுங்கள், அதையும் பேனலுக்குப் பின்னால் நிழலில் வைத்து. சூடானால் ஏறுவதை அதுவே நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று, யூடியூபில் தெற்கே சாய்க்கச் சொல்வார்கள். ஆடியில் நம் பக்கம் உச்சி வெயில் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். படுக்கப் போட்டாலே போதும்.

நான்: இது தெரியாது அத்தான்.

செல்வி அக்கா: தெரியாது என்று சொல்லாதே, இன்னும் நாலு பக்கம் வரும்.

பெரியப்பா: மைக்செட்காரரிடம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாடகைக்கு எடுத்தால் என்ன?

நான்: கார் மேலே விடாவிட்டால் பஸ்தான் பெரியப்பா. ஆசிட் பேட்டரியை யார் தூக்குவது?

பெரியப்பா: சரி. மாப்பிள்ளை அந்தப் பவர் ஸ்டேஷன் விலையை விசாரிக்கட்டும். பொதுக் கணக்கிலிருந்து கொடுக்கலாம்.

செல்வி அக்கா: பொதுக் கணக்கில் என்ன இருக்கிறது? வரி வந்தால்தானே?

சுடலை சித்தப்பா: அண்ணே, நான் பேனலைக் காலையிலேயே புக் பண்ணியாச்சு. டெலிவரிக்குப் பணம் எடுத்து வைக்கணும்.

கணேசன் அத்தான்: வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள் மாமா.

சுடலை சித்தப்பா: வரட்டும், பார்ப்போம். 80 வாட் என்றாலும் லைட்டாவது எரியும்.

பெரியப்பா: செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிவிடுவார்கள். துணிப்பை கொண்டுவரவும். தார்ப்பாய் யாரிடம் இருக்கிறது?

பெரியப்பா: யாரிடம்?

ராஜி மதினி: மாமா, செருப்பு 8 இஞ்சா 9 இஞ்சா?

பெரியப்பா: பெரிதாகவே சொல்லம்மா. மலையெல்லாம் நடக்கிறவர்.