எக்தோர் ஃபாப்ர் யாருடைய ஆள்?

வடதிசை: நேற்று இங்கே ஒருவர் எக்தோர் ஃபாப்ரை "பாரிசில் கனடாவின் முதல் தூதர்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கைதட்ட வேறு ஆள். ஒட்டாவாவில் செனட்டராக இருந்த மனிதர், 1882 பிப்ரவரியில் கியூபெக் மாகாண அரசின் முகவராகப் பாரிசுக்குப் போனார். அனுப்பியவர் மாகாண முதல்வர் ஷாப்லோ. ஒட்டாவாவிலிருந்த மத்திய அரசு விழித்துக்கொண்டு அவரைக் கனடாவின் ஆணையராக்கியது ஜூலையில்தான். மாகாண ஊழியர் என்று எழுத ஏன் கை வரவில்லை?

செங்கோல்: "ஒருவர்" என்ன ஒருவர், எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 1910இல் சாகும்வரை கனடாவின் ஆணையர் அவர். ஐந்து மாதத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

வடதிசை: அத்தனை வருஷமும் கியூபெக்கின் முகவரும் அவரேதான். முதலில் அனுப்பியது யார்? பிப்ரவரி. அப்புறம்தான் ஜூலை.

மொன்றியல்வாசி: எனக்கு உறுத்துவது வேறு. செனட் அப்போது ஆயுட்காலப் பதவி. லிபரல் பிரதமர் மெக்கன்சி 1875இல் கொடுத்தது. அதை உதறிவிட்டுக் கன்சர்வேட்டிவ் முதல்வரிடம் வேலைக்குப் போயிருக்கிறார். அப்பா மொன்றியல் மேயர், அண்ணன் ஆயர், அத்தான் கன்சர்வேட்டிவ் தலைவர் கார்த்தியே. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கட்சியிலும் கதவு திறக்கும்.

செங்கோல்: கார்த்தியே 1873இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மேலிருந்து சிபாரிசுக் கடிதம் அனுப்பினாரோ?

மொன்றியல்வாசி: சிபாரிசு என்று நான் எங்கே எழுதினேன்? கனடாவின் முதல் பிரதமர் மெக்டொனால்ட் பற்றிய இழையிலும் இப்படித்தான், நான் சொல்லாததற்கெல்லாம் பதில் எழுதினீர்கள். மறக்கவில்லை.

செங்கோல்: அந்த இழையில் பாதியில் காணாமல் போனது யார்?

வடதிசை: குடும்பக் கதையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை.

செங்கோல்: சரி, வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பிய ஷாப்லோவே அதே ஜூலையில் மாகாணத்தை விட்டுவிட்டு ஒட்டாவா அமைச்சரவைக்குப் போய்விட்டார். உங்கள் மாகாணத்தின் கதை அவ்வளவுதான்.

வடதிசை: ஷாப்லோ எங்கே போனால் என்ன? தேதி மாறிவிடுமா? அப்புறம் அந்தத் "தூதர்". கனடாவின் வெளியுறவு அப்போது லண்டன் கையில். 1893இல் பிரான்சோடு வணிக ஒப்பந்தம் வந்தபோது, பாரிசிலேயே உட்கார்ந்திருந்தும் ஃபாப்ர் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்கள் பிரிட்டிஷ் தூதர் டஃபரினும் லண்டனில் கனடாவின் உயர் ஆணையராக இருந்த டப்பரும். இவருக்கு வாய்த்தது முதலீட்டாளர் வீடு ஏறி இறங்குவது, குடியேற ஆள் தேடுவது. பழைய பத்திரிகைக்காரர் என்பதால் 1884இல் "பரி-கனடா" என்று ஒரு பத்திரிகை வேறு நடத்தினார். அசல் தூதரகம் திறந்தது 1928இல். தூதராம்!

செங்கோல்: 1928இல் அங்கே உட்கார்ந்த பிலிப் ருவாவும் முன்னாள் செனட்டர்தான். 1911இல் ஃபாப்ரின் நாற்காலிக்கு வந்தவர். அவரையும் மாகாண குமாஸ்தா என்பீர்களோ?

மொன்றியல்வாசி: குமாஸ்தா என்று யாருமே எழுதவில்லையே. மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

வடதிசை: ருவாவுக்குத் தனி இழை திறங்கள். இங்கே கேட்டது ஒன்றுதான். பிப்ரவரி முந்தியா, ஜூலை முந்தியா?

செங்கோல்: நாட்காட்டி வியாபாரம் எப்போது தொடங்கினீர்கள்?