வெற்றிட அலைவா, வெற்றிடத் தளும்பலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குவாண்டம் நிகழ்வுகளால் பேரண்டத்தின் தோற்றத்தை விளக்க இயலுமா என்ற இந்த உரையாடலில், vacuum fluctuation என்பதற்குத் தமிழில் 'வெற்றிட அலைவு' என்ற சொல் மெல்ல நிலைபெற்று வருகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. பாடநூல்களில் அலைவு என்பது ஊசற்குண்டின் இயக்கம். அதற்கு அலைவுநேரம் உண்டு, அதிர்வெண் உண்டு. வெற்றிடத்தில் மின்காந்தப் புலம் போன்ற ஒரு புலத்தின் மதிப்பு நிலையாக நில்லாமல் இருப்பதற்கோ அத்தகைய ஒழுங்கு கிடையாது. எலக்ட்ரானை விவரிக்கும் டிராக்கின் சமன்பாட்டின்படி ஒன்றாக இருக்க வேண்டிய ஹைட்ரஜனின் இரண்டு ஆற்றல் மட்டங்கள் சற்றே விலகி நிற்பதை இயற்பியலாளர்கள் லாம்பும் ரெதர்ஃபோர்டும் 1947இல் அளந்தார்கள். அந்த விலகலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த நிலைகொள்ளாமைதான். ஆகவே 'வெற்றிடத் தளும்பல்' என்று முன்மொழிகிறேன். நிறைகுடம் தளும்பாது என்று யாரேனும் மறுக்கக்கூடும். வெற்றிடம் நிறைகுடமும் அன்று, வெறுங்குடமும் அன்று.

இயற்பியலாளர் எட்வர்ட் டிரையன் 1973இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை, பேரண்டமே இத்தகைய ஒரு தளும்பலாக இருக்கலாம் என்றது. பொருளின் ஆற்றல் நேர்க்குறி கொண்டது, ஈர்ப்பாற்றல் எதிர்க்குறி கொண்டது. இரண்டும் ஈடாகிக் கூட்டுத்தொகை சுழியானால், ஆற்றல் குறையக் குறையத் தளும்பலின் ஆயுள் நீளலாம் என்ற நிச்சயமின்மைக் கொள்கையின்படி, அது 1380 கோடி ஆண்டுகள் நீடிப்பதற்கும் தடையில்லை.

ஆனால் டிரையனின் விளக்கத்துக்கு முன்கூட்டியே ஒரு வெற்றிடம் தேவைப்படுகிறது. அதில் இடமும் காலமும் புலங்களும் இருக்கின்றன. இயற்பியலாளர் அலெக்சாண்டர் விலென்கின் 1982இல் முன்வைத்த மாதிரியில் அந்த வெற்றிடம்கூட இல்லை. சுழி அளவிலிருந்து ஓர் ஆற்றல் தடையை ஊடுருவி, சிறியதொரு அண்டம் வெளிப்படுகிறது. இவ்விரண்டையும் 'வெற்றிடத்திலிருந்து தோன்றியது' என்று ஒரே தொடரால் எழுதுவதுதான் நம் கட்டுரைகளில் பெருங்குழப்பம். விலென்கின் கூறுவதற்கு 'இன்மை' பொருந்தும். 'சூனியம்' என்றால் பாதிப்பேருக்குச் செய்வினைதான் நினைவுக்கு வரும்.

தாண்டப் போதிய ஆற்றல் இல்லாதபோதும் ஒரு தடையைக் கடப்பதைக் குறிக்கும் 'ஊடுருவல்' (tunnelling) என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இயற்பியலாளர் காமாவ் 1928இல் விளக்கிய ஆல்ஃபா சிதைவில், ஆல்ஃபா துகள் அணுக்கருவுக்குள் இருந்து வெளியேறுகிறது. உள், வெளி இரண்டும் தெளிவு. இன்மைக்கு உட்புறம் எது? அங்கும் குவாண்டம் சமன்பாடு மட்டும் எப்படியோ செல்லுபடியாகிறது. அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதைக் குவாண்டம் நிகழ்வு விளக்கவில்லை என்றே கருதுகிறேன். எனவே நம் கலைச்சொற்பட்டியலில் தளும்பலுக்கு வரையறை எழுதும்போது 'தோற்றம்', 'படைப்பு' ஆகிய சொற்களைச் சேர்க்க வேண்டாம். புள்ளியியலில் 'தளும்பல்' வேறு பொருளில் வழங்குகிறதா என்பதைத் துறையறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.