1952 இறப்பர்–அரிசி ஒப்பந்தம்: அமெரிக்கா ஏன் எதிர்த்தது?

குளக்கட்டு: கிளிநொச்சியில் ஏ.எல். அரசியல் படிக்கிறேன். சின்ன நாடான இலங்கை சீனாவோடு வியாபாரம் செய்ததில் அமெரிக்காவுக்கு என்ன பிரச்சினை?

முறிப்பு: தம்பி, அப்போது கொரியப் போர், அதில் சீனா அமெரிக்காவுக்கு எதிராகப் போரிட்டதால் சீனாவுக்கு இறப்பர் விற்கத் தடை. ஆனால் இங்கே அரிசித் தட்டுப்பாடு, இறப்பர் விலையும் விழுந்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலையும் 2,70,000 தொன் அரிசியும் தர சீனா முன்வந்தால் யார்தான் விடுவார்கள்? இதனால் அமெரிக்க உதவி 1956 வரை கிடைக்கவில்லை.

பாலியாறு: கையெழுத்திட்டது கம்யூனிசத்தை எதிர்த்த பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு! சீனாவோடு தூதரக உறவு 1957இல்தான் வந்தது. வயிற்றுப்பாட்டைக் கொள்கைக்கு மேலே வைத்த அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

குளக்கட்டு: நன்றி அண்ணை. அம்மம்மா சொல்லும் கூப்பன் அரிசி, அதாவது பங்கீட்டு அரிசி, இதுவா?

முறிப்பு: ஓம், அதில் சீன அரிசியும் இருந்தது.